சக்கரத்தின் காலணி

மணற்பாங்கான ஊரில் வாழ்வோனுக்கு மெல்லிய செருப்பே போதும். கருவேலங்காட்டில் ஆடு மேய்ப்போனுக்கோ தடித்த தோற்செருப்பு வேண்டும். நடக்கும் பாதைக்கு ஏற்ற காலணியைத் தேர்ந்து அணிவது மக்கள் இயல்பு. மிதிவண்டியின் சக்கரத்திற்கும் ஒரு காலணி உண்டு. அதுவே டயர். ஆயினும், நம் காலுக்குச் செருப்பு வாங்கும்போது காட்டும் கருத்தில் பாதியேனும் சக்கரத்திற்கு டயர் வாங்கும்போது நாம் காட்டுவதில்லை. கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறோம். பின்பு வழியில் டியூபு துளைபட்டுக் காற்று இறங்கிவிட்டால் முள்ளை நொந்துகொள்கிறோம். மக்கள் வழக்கில் 'பஞ்சர்' எனப்படும் இத்தொல்லையைக் குறைக்க வழி உண்டா? உண்டெனின் அவ்வழி யாது? இதனையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

இஃது ஒரு சிறு தொல்லைதானே என்று சிலர் எண்ணக்கூடும். சிற்றூர் ஒன்றிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அன்று அவளுக்குப் பொதுத்தேர்வு. காலையில் உரிய நேரத்தில்தான் புறப்பட்டாள். பாதி வழியில் பின்சக்கரம் தரையோடு படிந்துவிடுகின்றது. அருகில் கடையில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் 3 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். ஓராண்டு உழைப்பு ஒரு முள்ளின் முனையில் நிற்கின்றது! வைகறையில் பால் கொண்டு செல்வோர், செய்தித்தாள் போடுவோர், ஆலைக்கு முதல் முறைவேலைக்குச் செல்வோர் ஆகியோருக்கும் இதே நிலைதான். அவர்களுக்குப் பஞ்சர் என்பது அரை நாட் கூலியின் இழப்பு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை முதலாண்டு பயிலும் மாணவ மாணவியர்க்கு அரசு மிதிவண்டி வழங்கி வருகின்றது. அவ்வண்டி நாள்தோறும் ஓடினால்தான் அதன் பயன் கைகூடும். டயர் கிழிந்து திண்ணையோரம் சாத்தப்பட்ட வண்டியால் யாருக்கு என்ன பயன்?

டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், அஃது என்ன பணி செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழங்கால மிதிவண்டிகளின் சக்கரங்களில் இரும்புப் பட்டையையோ கெட்டி இரப்பரையோ பொருத்தியிருந்தனர். அவற்றைத் துளைக்க எந்த முள்ளாலும் இயலாது. ஆனால் கல்லும் குழியும் நிறைந்த பாதையில் அவ்வண்டிகள் ஏறினவரின் எலும்புகளைக் குலுக்கி எடுத்துவிடும். சக்கரத்தைச் சுற்றிக் காற்றை அடைத்து வைத்தால் இந்த அதிர்ச்சி குறையும் என்பதை முதன்முதல் கண்டவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1845ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமை பெற்றார். ஆனால் அவர் எண்ணியது குதிரை வண்டிகளுக்காக. அக்காலத்தில் மிதிவண்டி பரவியிருக்கவில்லை. ஆகவே அவருடைய கண்டுபிடிப்பை உலகம் மறந்துவிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர் தாமாகவே அதே கருத்தைக் கண்டார். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் துன்புறுத்துவதைக் கண்டு, மெல்லிய இரப்பர்க் குழாய் ஒன்றில் காற்றை நிரப்பிச் சக்கரத்தின்மேல் பொருத்தினார். அச்சக்கரத்தையும் பழைய கெட்டிச் சக்கரத்தையும் தம் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். கெட்டிச் சக்கரம் சிறிது தூரம் ஓடி வீழ்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் எல்லை வரை ஓடி வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது. 1888ஆம் ஆண்டில் அவரும் உரிமை பெற்றார். தாம்சன் முன்னரே கண்டது தெரிய வந்தபின் அவ்வுரிமை செல்லாதாயிற்று. எனினும் காற்றடைத்த டயரை மிதிவண்டிக்கு உரியதாக்கிய பெருமை டன்லப்புக்கே உண்டு. 1889ஆம் ஆண்டில் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் காற்று டயர் பூட்டிய வண்டி வென்றது. அதன்பின் கெட்டி இரப்பரை விரும்புவார் அருகினர்.

காற்று வந்தது, அதனுடன் பஞ்சரும் வந்தது. தொடக்கக் காலத்தில் டயரைச் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டிவிடுவர். 1889ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கிளேர்மோன்-பெரான் நகரிலிருந்த மிச்சலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு, துளைபட்ட டயருடன் ஒருவர் வந்தார். அதைக் கழற்றிச் செப்பனிட 3 மணி நேரத்திற்கு மேலாயிற்று. பசை காய ஓர் இரவு காத்திருந்தனர். மறுநாள் எதுவார் மிச்சலின் அவ்வண்டியில் ஏறிச் சில நூறு மீட்டர் செல்வதற்குள் டயர் மீண்டும் காற்றிழந்தது. காற்று டயரின் சுகத்தையும் குறையையும் அவர் ஒருங்கே உணர்ந்தார். 1891ஆம் ஆண்டில் கழற்றி மாட்டத்தக்க டயரை அச்சகோதரர்கள் செய்து முடித்தனர். அவ்வாண்டிலேயே, பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் அத்தகைய டயருடன் சென்ற சார்ல் தெரோன் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டில் அவர்களே ஒரு பந்தயம் நடத்தி, வழியின் ஒரு பகுதியில் ஆணிகளைத் தூவி வைத்தனர்! துளைபட்ட டயரை எளிதில் செப்பனிடலாம் என்று ஊரறியச் செய்வதே அவர்கள் நோக்கம். பஞ்சரை அறவே ஒழிப்பதாக அவர்களும் கூறவில்லை என்பது கருதத்தக்கது.

இனி, இன்றைய டயரின் அமைப்பைக் காண்போம். டயரின் இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பி வளையம் ஒன்று புதைந்திருக்கும். அது 'ரிம்' எனப்படும் சக்கர வட்டத்தின் உட்புறத்தில் பற்றி நின்று டயரைக் கழலாமற் காக்கும். சில டயர்களில் கம்பிக்குப் பதிலாக வலிய செயற்கை இழை இருக்கும். அவ்வகை டயரை மடித்து வைக்கலாம். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும் நைலான் இழைகளால் ஆன துணி அமைந்திருக்கும். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது இத்துணியே. இரப்பர் அன்று. அத்துணியின்மேல், தரையைத் தொடும் பகுதியில் தடித்த இரப்பரும், பக்கங்களில் மெல்லிய இரப்பரும் படிந்திருக்கும். இவற்றிற்கெல்லாம் உள்ளே காற்றை அடக்கிக்கொண்டு டியூபு இருக்கின்றது. டியூபின் சுவர் மிக மெல்லியது. முள் டயர் முழுவதையும் கடந்து அந்த மெல்லிய சுவரைத் தீண்டினால் போதும், பஞ்சர் நேர்ந்துவிடும்.

டியூபு காற்றிழப்பதற்குரிய காரணங்கள் நான்கு. முதலாவது, முள், ஆணி, கண்ணாடித் துண்டு போன்ற கூரிய பொருள்கள் வெளியிலிருந்து குத்துதல். இரண்டாவது, காற்றுக் குறைந்த சக்கரம் கல்லிலோ குழியின் விளிம்பிலோ மோதும்போது, டியூபு கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்குதல். அப்போது பாம்பின் பற்கள் பதிந்தாற்போல அடுத்தடுத்து இரு துளைகள் உண்டாகும். மூன்றாவது, ரிம்மின் உட்புறத்தில் ஆரக்கம்பிகளின் முனைகளை மூடியிருக்கும் நாடா விலகி, அம்முனைகள் டியூபை உள்ளிருந்து குத்துதல். நான்காவது, வால்வின் அடிப்பகுதி இழுபட்டுக் கிழிதல். இவற்றுள் முதல் வகையை மட்டுமே தடித்த டயர் தடுக்கும். ஏனைய மூன்றையும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயராலும் தடுக்க இயலாது. நல்ல டயர் மாட்டியும் பஞ்சர் நேர்கின்றதே என்று வருந்துவோர், துளை எப்பக்கம் இருக்கின்றது என்பதை முதலில் நோக்க வேண்டும். துளை டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம்மை நோக்கிய பக்கத்தில் இருந்தால் குற்றம் நாடாவினுடையது, டயரினுடையது அன்று.

குத்தும் பொருள்களும் ஒரே தன்மையன அல்ல. நெருஞ்சியை எடுத்துக்கொள்வோம். தரையோடு படர்ந்து மஞ்சள் நிறப் பூப் பூக்கும் அச்செடியின் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் வலிய முட்கள் இருக்கும். அத்துண்டு எவ்வாறு விழுந்து கிடப்பினும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். ஆனால் அம்முள் குட்டையானது. சீமைக் கருவேலத்தின் முள்ளோ நீண்டது. சில முட்கள் ஓர் அங்குலத்தையும் கடந்து வளரும். வேலியைக் கழித்து வண்டியில் ஏற்றிச் செல்லும்போது சிதறும் கிளைத் துண்டுகள் சாலையோரத்தில் கிடந்து சக்கரத்தில் ஏறும்.

இவ்விரண்டு முட்களின் வரலாற்றிலும் ஒரு விந்தை உண்டு. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட மரம். இராமநாதபுரம் முதலிய வறண்ட பகுதிகளில் அது காடாகப் பரவிவிட்டது. நெருஞ்சியோ நம் பக்கத்து வெப்ப நாடுகளுக்கு உரிய செடி. அஃது அமெரிக்காவிற்குச் சென்று அங்குள்ள மேற்கு மாநிலங்களில் பரவியது. அங்கு மிதிவண்டியில் செல்வோர் அதற்குப் 'பஞ்சர்க் கொடி' என்று பொருள்படும் பெயரையே இட்டுவிட்டனர்! அதனை அடக்குவதற்காக 1961ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இருவகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டனர். அவர்கள் நாட்டு முள் நம் சக்கரத்தையும், நம் பக்கத்து முள் அவர்கள் சக்கரத்தையும் பதம் பார்க்கின்றன.

நகரச் சாலைகளில் முள் குறைவு. அங்குக் கண்ணாடித் துண்டுகளும், தேய்ந்த லாரி டயர்களிலிருந்து சிதறும் மெல்லிய எஃகுக் கம்பிகளும் மிகுதி. அக்கம்பி மயிரிழை போன்றது. கண்ணுக்குப் புலப்படாமல் டயரில் ஏறிச் சிறிது சிறிதாக உட்சென்று பல நாட்களுக்குப் பின் டியூபைத் துளைக்கும். மழை நாளில் இத்தொல்லை பெருகும். நீர் இரப்பரை வழவழப்பாக்குவதால் கூரிய பொருள் எளிதில் அதை அறுத்துச் செல்லும். ஈரமான சக்கரத்தில் துணுக்குகளும் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றைத் தடுக்க டயர் செய்வோர் கையாளும் முறைகள் பல. அவற்றுள் மிக எளியது தரை தொடும் இரப்பரைத் தடிப்பாக்குதல். இரண்டாவது முறை, இரப்பருக்கும் துணிக்கும் நடுவே வலிய இழைகளால் நெய்த பட்டை ஒன்றை வைத்தல். இதற்குப் பெரிதும் பயன்படுவது அராமிடு என்னும் செயற்கை இழை. அவ்வினத்தைச் சேர்ந்த கெவ்லார் என்னும் பொருளை 1965ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஸ்டெபனி குவோலக் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவச உடையிலும் அதே இழைதான் பயன்படுகின்றது. மூன்றாவது முறை, தரை தொடும் பகுதியின் அடியில் மீள்தன்மை மிக்க இரப்பரால் ஆன தனி அடுக்கு ஒன்றை அமைத்தல். சில டயர்களில் இவ்வடுக்கு மட்டுமே 5 மில்லிமீட்டர்த் தடிப்பு உடையது.

இவற்றின் வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். நெய்த பட்டை கண்ணாடியின் வெட்டைத் தடுப்பதில் வல்லது. ஆனால் ஊசி போன்ற மெல்லிய முள் இழைகளின் இடுக்கில் நுழைந்துவிடக்கூடும். தடித்த இரப்பர் அடுக்கோ, தன் தடிப்பைவிடக் குட்டையான முள்ளை உள்ளேயே நிறுத்திவிடும். நெருஞ்சி நிறைந்த பாதைக்கு அதுவே ஏற்றது. ஓர் அங்குல நீளமுள்ள கருவேல முள் நேராகக் குத்தினால் இரண்டுமே தோற்கும். மேலும், இக்காப்பு பெரும்பாலும் தரை தொடும் பகுதியில் மட்டுமே இருக்கும். பக்கச்சுவருக்கு அந்தக் காவல் இல்லை. ஆதலின் 'பஞ்சரே ஆகாத டயர்' என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அதனை அப்படியே நம்பிவிடலாகாது. காற்றடைத்த டயரில் பஞ்சரைக் குறைக்கலாம், ஒழிக்க இயலாது.

அவ்வாறாயின், காற்றே இல்லாத கெட்டி டயரை மாட்டிவிட்டால் என்ன என்று வினவலாம். அத்தகைய டயர்கள் இன்றும் விற்கப்படுகின்றன. அவை துளைபடுவதே இல்லை. ஆனால் அவை அதிர்ச்சியைத் தாங்குவதில் காற்றுக்கு நிகராகா. குழி விழுந்த சாலையில் ஏறினவருக்கும் ஆரக்கம்பிகளுக்கும் அடி மிகும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் காற்றை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

இனித் தடித்த டயரே சிறந்தது என்று முடிவு செய்யலாமா? அதற்கும் ஒரு விலை உண்டு. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி மீண்டும் நிமிர்கின்றது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வோர் இடமும் இவ்வாறு நசுங்கி நிமிர வேண்டும். நசுக்கப் பயன்பட்ட ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகின்றது. இரப்பர் தடிக்கத் தடிக்க அவ்வீண் மிகும். அவ்வாற்றலைத் தருவது நம் கால்களே. எடையும் மிகும். மெல்லிய டயர் ஒன்று அரைக் கிலோகிராம் இருந்தால், மிகுந்த காப்புடைய டயர் ஒரு கிலோகிராமை நெருங்கும். பந்தயத்தில் ஓடுவோனுக்கு இது பெருங்குறை. பள்ளிக்கு 5 கிலோமீட்டர் செல்லும் மாணவனுக்கோ இது சிறு குறையே. வழியில் நின்றுபோகாமல் சேர்வதே அவனுக்கு முதன்மையானது. முள்ளில்லாத நல்ல சாலையில் நாள்தோறும் 20 கிலோமீட்டர் செல்லும் ஒருவர் மிகத் தடித்த டயரை மாட்டிக்கொண்டு உழைப்பது அறிவுடைமை ஆகாது. ஆகவே, எந்த டயர் சிறந்தது என்ற வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. என் பாதை எத்தகையது என்ற வினாவை முதலில் எழுப்ப வேண்டும். அவ்விடையிலிருந்தே டயர் பிறக்கும்.

நடுத்தரமான சில வழிகளும் உள. தடித்த சுவருடைய டியூபை வாங்கி மாட்டலாம். டயருக்கும் டியூபுக்கும் நடுவே காப்புப் பட்டை வைக்கலாம். நம்மூர்க் கடைக்காரர்கள் பழைய டியூபைப் பிளந்து உள்ளே வைத்துத் தருவது இம்முறையே. ஆனால் அப்பட்டையின் முனை கூராக இருந்தால் அதுவே நாளடைவில் டியூபை உரசித் துளையிட்டுவிடும். முனையைச் சாய்வாகச் சீவி மெல்லியதாக்கி வைத்தல் நன்று. சிறு துளைகளைத் தானே அடைக்கும் நீர்மம் ஒன்றையும் டியூபுக்குள் விடுகின்றனர். துளை வழியே காற்று வெளியேறும்போது அந்நீர்மம் அங்கு உறைந்து அடைத்துக்கொள்ளும். நெருஞ்சித் துளைக்கு அது போதும். பெரிய கிழிசலுக்குப் பயன்படாது. வெப்பம் மிக்க ஊர்களில் சில திங்களில் அஃது உலர்ந்துவிடுமாதலால் மீண்டும் விட வேண்டும்.

எத்தகைய டயராயினும் உரிய அளவு காற்று இல்லையேல் பயனில்லை. இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். வண்டியும் ஏறினவரும் சேர்ந்து 80 கிலோகிராம் என்க. அதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 48 கிலோகிராம், பின்சக்கரத்தின்மேல் விழுகின்றது. டயரிலுள்ள காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் ஆனால், அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 16 சதுர சென்டிமீட்டர்ப் பரப்புத் தரையில் படிந்தாக வேண்டும். காற்றழுத்தம் பாதியாகக் குறைந்தால் படியும் பரப்பு 32 சதுர சென்டிமீட்டர் ஆகும். பரப்புப் பெருகினால் முள்ளைச் சந்திக்கும் இடமும் பெருகும். டயர் மிகுதியாக நசுங்குவதால் மிதிப்பதும் கடினமாகும். கல்லில் மோதும்போது டியூபு நசுங்கிப் பாம்புக்கடித் துளைகளும் விழும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரமே அடிக்கடி துளைபடுவதற்கு அதன்மேல் விழும் மிகுதியான எடையும் ஒரு காரணமாகும்.

துளை ஏதும் இல்லாமலே டியூபிலுள்ள காற்று மெல்ல மெல்லக் கசிந்து குறையும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் காற்றைச் சோதித்தல் வேண்டும். பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது மெல்லிய டயருக்கு ஓரளவு பொருந்தும். தடித்த டயரோ காற்றுக் குறைந்திருக்கும்போதும் விரலுக்குக் கெட்டியாகவே தோன்றி நம்மை ஏமாற்றும். அளவு காட்டும் கருவியுள்ள பம்பே நம்பத்தக்கது. எவ்வளவு காற்று அடைக்கலாம் என்பது டயரின் பக்கச்சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதனை மீறி அடைத்தலும் தவறு.

கடைக்குச் செல்லுமுன் அப்பக்கச்சுவரில் இன்னொரு குறிப்பையும் எழுதிக்கொள்ள வேண்டும். '28 அங்குல டயர் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் மாட்ட முடியாமல் திகைப்போர் பலர். நம் நாட்டில் வழக்கத்திலுள்ள பெரிய சக்கர மிதிவண்டியின் டயரும் 28 அங்குலம் எனப்படும். புதுவகை வண்டிகளிற் சிலவற்றின் டயரும் அவ்வாறே அழைக்கப்படும். ஆனால் முன்னதன் குறி 40-635. பின்னதன் குறி 37-622 போன்றது. இதில் முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாம் எண் அதன் விளிம்பு பொருந்தும் வட்டத்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் காட்டும். 635க்கும் 622க்கும் வேறுபாடு 13 மில்லிமீட்டரே. எனினும் ஒன்றற்குரிய டயர் மற்றொன்றில் பொருந்தவே பொருந்தாது. 26 அங்குலம் எனப்படும் டயர்களிலும் 590, 559 என வெவ்வேறு விட்டங்கள் உண்டு. இரண்டாம் எண் அணுவளவும் மாறலாகாது. முதல் எண் சிறிது மாறலாம். அகலமான டயர் மிகுந்த காற்றைக் கொள்வதால் கரடான பாதைக்கு நல்லது. ஆனால் அது மண்காப்பிலும் கவையிலும் உரசாமல் சுழல இடம் இருத்தல் வேண்டும்.

இரண்டு டயர்களையும் ஒருங்கே மாற்றப் பொருள் இல்லாதபோது என் செய்வது? காப்பு மிகுந்த புதிய டயரைப் பின்சக்கரத்திற்கு இடுவது பொருத்தமே. ஆனால் தேய்ந்து நூல் தெரியும் டயரை முன்சக்கரத்தில் ஒருபோதும் வைத்துக்கொள்ளலாகாது. ஓடும்போது முன்டயர் வெடித்தால் வண்டி கட்டுக்கு அடங்காமல் வீழ்த்திவிடும். தரை தொடும் பகுதி தட்டையாகத் தேய்ந்த டயரும், வெயிலில் கிடந்து பக்கச்சுவர் வெடித்த டயரும் எவ்வளவு உயர்ந்த வகையாயினும் தம் கடமையை முடித்துவிட்டன என்றே கொள்ளல் வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும் பஞ்சர் நேரலாம். அப்போது செய்யவேண்டியதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்வது நல்லது. டியூபில் காற்றடித்து நீரில் அமிழ்த்தினால் துளையுள்ள இடத்தில் குமிழி எழும். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது சற்று உலர்ந்த பின் பேட்சை அழுத்தி ஒட்ட வேண்டும். இவ்வளவும் பலர் அறிந்ததே. ஆனால் பலர் மறப்பது ஒன்று உண்டு. குத்திய முள் டயரில் இன்னும் இருக்கின்றதா என்று பாராமலே டியூபை மாட்டிவிடுகின்றனர். மறுநாள் அதே முள் அதே இடத்தில் மீண்டும் குத்துகின்றது. டயரின் உட்புறம் முழுவதையும் துணிச்சுருள் ஒன்றால் மெல்லத் தடவிப் பார்த்தால் முள்ளோ கம்பியோ துணியில் சிக்கிக்கொள்ளும். வெறும் விரலால் தேடுதல் தீங்கு. முள்ளைக் கண்டு நீக்காமல் டியூபை மட்டும் ஒட்டுதல், நோயின் காரணத்தை விட்டுவிட்டு வலிக்கு மருந்து தடவுவதையே ஒக்கும்.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை விளங்கும். நம்மைக் காப்பது டயர் மட்டும் அன்று. பாதையை அறிந்து டயரைத் தேர்தல், உரிய அளவு காற்றை வைத்திருத்தல், தேய்ந்ததை உரிய காலத்தில் மாற்றுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே நம்மைக் காக்கின்றன. இவற்றுள் முதலாவதற்குச் சிறிது பணம் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டுவது வாரத்தில் ஐந்து நிமிடம். மூன்றாவதற்கு வேண்டுவது நாள்தோறும் சக்கரத்தை ஒருமுறை நோக்கும் பழக்கம். முதலிற் கூறிய மாணவி தேர்வுக்கு முன்னாள் மாலையில் வண்டியைத் திண்ணையருகே நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்திருந்தால், இரப்பரில் பாதி புதைந்து நின்ற அந்த முள் அவள் கண்ணிற் பட்டிருக்கும். இன்று மாலை நீங்களும் உங்கள் வண்டியின் சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.